செத்த உடலில் தொடங்கிய கணக்கு

பினாங்கைச் சுற்றியுள்ள கடலில் டால்பின்கள் வாழ்கின்றன என்று சொன்னால், ஜோர்ஜ்டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர்களில்கூட சிலர் நம்ப மறுக்கலாம். பாலத்தின் மீது தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கும், பட்டர்வொர்த் ஃபெர்ரியில் கடக்கிறவர்களுக்கும், கெர்னி டிரைவ் கரையில் மாலைக்காற்று வாங்குகிறவர்களுக்கும் கண்ணில் படுவது கப்பலும் படகும்தான். டால்பினைப் பார்க்க வேண்டுமானால் மீன்காட்சி சாலைக்கோ வெளிநாட்டுக்கோ போக வேண்டும் என்பதே பலருடைய எண்ணம்.

உண்மை அதுவல்ல. லங்காவியிலிருந்து பினாங்கு வழியாகப் பேராக் வரை நீளும் கரையோரக் கடலில் மூன்று வகை உயிர்கள் உண்டு. முதலாவது, வயது ஏற ஏறச் சாம்பல் நிறம் வெளுத்து இளஞ்சிவப்பாகும் கூன்முதுகு டால்பின். இரண்டாவது, உருண்ட தலையும் மழுங்கிய முகமும் கொண்ட ஐராவதி டால்பின். மூன்றாவது, முதுகில் துடுப்பே இல்லாத சிறிய கடற்பன்றி. மூன்றும் ஆழ்கடலை நாடாதவை. ஆறு கடலில் சேரும் இடம், சதுப்புநிலக் காடு, சேறு கலந்த ஆழமற்ற நீர் ஆகியவையே இவற்றின் வீடு. அதாவது, மனிதன் துறைமுகம் கட்டுவதும் வலை வீசுவதும் மண் கொட்டுவதும் எங்கோ, அங்கேதான் இவையும் வாழ்கின்றன.

இந்த உயிர்களைப் பற்றி அறிவியலுக்கு எப்போது தெரிய வந்தது? எவ்வளவு தெரிந்திருக்கிறது? இந்த இரண்டு கேள்விகளுக்குமான விடை நூற்றெண்பது ஆண்டுக் கதை. அதில் மிகப் பெரும்பகுதி செத்த உடல்களின் கதை என்பதுதான் கவனிக்க வேண்டியது.

மருத்துவரின் பட்டியல்

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் பினாங்கு இருந்த காலம். கம்பெனியின் மருத்துவர்களில் சிலர் நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, செடிகொடிகளையும் விலங்குகளையும் சேகரித்தார்கள். டென்மார்க்கில் பிறந்த தியோடோர் கான்டர் அப்படிப்பட்டவர். 1840-களில் பினாங்கில் பணியாற்றிய அவர், மலாயாத் தீபகற்பத்தின் பாலூட்டிகளைப் பற்றிய பட்டியல் ஒன்றை 1846-இல் கல்கத்தாவின் ஆசியக் கழக இதழில் வெளியிட்டார். ஊர்வன, மீன்கள் ஆகியவற்றைப் பற்றிய பட்டியல்களும் அடுத்த சில ஆண்டுகளில் வந்தன.

அந்தப் பாலூட்டிப் பட்டியலில் ஒரு டால்பினும் இடம்பெற்றது. ஈய நிறம் கொண்டது என்ற பொருளில் அதற்கு லத்தீனில் 'புளும்பியஸ்' என்று பெயர். மலாய்க்காரர்கள் அதை 'பெரம்புவான் லாவுட்' என்று அழைத்ததாகக் கான்டர் குறித்தார். கடல் பெண் என்று பொருள். மீனுக்கு யாரும் அப்படிப் பெயர் வைப்பதில்லை. மூச்சு வாங்க மேலே வரும், குட்டிக்குப் பால் கொடுக்கும் இந்த உயிரை, கரையில் வாழ்ந்தவர்கள் மற்ற மீன்களோடு சேர்த்துப் பார்க்கவில்லை என்பதை அந்தப் பெயரே காட்டுகிறது.

கான்டர் எழுதி வைத்த லத்தீன் பெயர் இன்று நிலைக்கவில்லை. கூன்முதுகு டால்பின்களை எலும்பு, நிறம், மரபணு ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிட்ட ஆய்வாளர்கள் 2014-இல் அவற்றை நான்கு இனங்களாகப் பிரித்தார்கள். ஈய நிற டால்பின் என்ற பெயர் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து இந்தியா வரை வாழ்பவற்றுக்கு உரியதாயிற்று. மலாக்கா நீரிணையில் வாழ்பவை, சீனக் கடலில் வாழும் இனத்தோடு சேர்க்கப்பட்டன. ஓர் உயிருக்குச் சரியான பெயர் கிடைக்கவே 168 ஆண்டுகள் ஆயின.

வங்கக் கடலின் மறுகரை

ரஜூலா கப்பலில் வந்திறங்கிய தலைமுறைக்குச் சொல்லத் தேவையில்லை: பினாங்கும் சென்னையும் ஒரே கடலின் இரு பக்கங்கள். பினாங்கில் கான்டர் பட்டியல் போட்ட அதே காலத்தில், மறுகரையில் சென்னை ராஜதானியின் அதிகாரி வால்டர் எலியட் இதே வேலையில் இருந்தார். அமராவதியின் புத்தச் சிற்பங்களை 1845-இல் தோண்டியெடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் என்பதால் அவர் பெயர் வரலாற்று மாணவர்களுக்குப் பழக்கமானது. கரையோர மீனவர்களிடம் சிக்கிய டால்பின்களையும் சிறு திமிங்கிலங்களையும் படமாக வரையச் செய்து, மண்டையோடுகளையும் சேர்த்து அவர் லண்டனுக்கு அனுப்பினார்.

அங்கே அவற்றை ஆராய்ந்தவர் ரிச்சர்ட் ஓவன். 'டைனோசர்' என்ற சொல்லை 1842-இல் உருவாக்கியவர் அவரே. எலியட் அனுப்பியவற்றைக் கொண்டு 1866-இல் ஓவன் எழுதிய கட்டுரையில் பல புதிய பெயர்கள் வந்தன. அவற்றில் ஒன்றுதான் இன்று ஐராவதி டால்பின் என்று அறியப்படும் உயிர். பர்மா ஆற்றின் பெயரை அது தாங்கி நின்றாலும், அறிவியல் அதை முதன்முதலில் விவரித்தது 1852-இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் கிடைத்த உடலை வைத்துத்தான்.

தமிழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய இன்னொரு செய்தியும் அந்தக் கட்டுரையில் உண்டு. 'பொமிக்ரா' என்ற பெயரை ஒரு டால்பினுக்கு ஓவன் சூட்டினார். அது தமிழ்க்கரை வழக்கு என்று அக்கால இயற்கை நூல்கள் குறித்து வைத்தன. 'கடமு' என்ற தெலுங்குப் பெயரும் அப்படியே லத்தீனுக்குள் நுழைந்தது. பின்னாளில் அந்த உயிர்கள் வேறு இனங்களோடு சேர்க்கப்பட்டதால் அப்பெயர்கள் வழக்கொழிந்தன. ஆனால், அறிஞர் லண்டனில் அமர்ந்து எழுதிய கட்டுரைக்கு அடியில், பெயர் தெரியாத மீனவர்களின் அறிவு இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. தமிழ்நாட்டுக் கடற்கரையில் டால்பினை இன்றும் ஓங்கில் என்பார்கள். நீரிலிருந்து ஓங்கி எழுவதை ஒவ்வொரு நாளும் பார்த்தவர்களின் சொல் போலவே அது ஒலிக்கிறது.

எலும்பும் கூடமும்

அடுத்த நூறு ஆண்டுகளிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1892-இல் மலாக்காவுக்குத் தெற்கே சா பாத்து என்ற இடத்தில் 42 அடி நீளமுள்ள திமிங்கிலம் ஒன்று கரை ஒதுங்கி மாண்டது. அதன் எலும்புக்கூடு சிங்கப்பூர் ராஃபிள்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போய், 1907-இல் காட்சிக்குத் தொங்கவிடப்பட்டது. பள்ளிப் பிள்ளைகள் பல தலைமுறைகளாக அதை அண்ணாந்து பார்த்தார்கள். 1974-இல் அது கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டது. பின்னர் லாபுவானுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தத் திமிங்கிலம் எங்கிருந்து வந்தது, எதைத் தின்றது, ஏன் நீரிணைக்குள் நுழைந்தது என்பதற்கு அந்த எலும்புகளிடம் பதில் இல்லை.

சிங்கப்பூர் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய கிப்சன் ஹில், மலாயாக் கடல்களின் திமிங்கிலங்கள், டால்பின்கள் அனைத்தையும் தொகுத்து 1949-இல் மலாயா இயற்கைக் கழக இதழில் எழுதினார். பயனுள்ள தொகுப்பு அது. ஆனாலும், என்னென்ன இனங்கள் இருக்கின்றன என்றுதான் அப்படிப்பட்ட பட்டியலால் சொல்ல முடியும். எத்தனை இருக்கின்றன என்று அதனால் சொல்ல இயலாது.

இது இந்தப் பகுதிக்கு மட்டும் உரிய குறையல்ல. 1925-இல் பிரிட்டன் தொடங்கிய அண்டார்டிக் கடல் ஆய்வில், அறிவியலாளர்கள் திமிங்கில வேட்டை நிலையங்களிலேயே தங்கி, வெட்டப்படக் காத்திருந்த உடல்களை அளந்தார்கள். கருப்பையைத் திறந்து கர்ப்ப காலத்தைக் கணித்தார்கள். இரைப்பையைத் திறந்து உணவைக் கண்டார்கள். காதுக்குள் அடுக்கடுக்காகப் படியும் மெழுகை எண்ணி வயதைக் கணிக்கும் முறையும் பின்னர் வந்தது. திமிங்கிலத்தின் உடலைப் பற்றி நூல்களில் உள்ள எத்தனையோ உண்மைகள் இப்படிக் கொலைக்களத்தில் கிடைத்தவை. உடலைச் சொன்ன அந்த ஆய்வு, வாழ்க்கையைச் சொல்லவில்லை.

1973 ஜனவரியில், பொங்கல் நாளில், தூத்துக்குடிக் கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கின. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் அங்கே சென்று அளந்து, பதிவு செய்து, கட்டுரையாக வெளியிட்டார்கள். அந்தப் பதிவு இருந்ததால்தான், 2016 ஜனவரியில் திருச்செந்தூருக்கு அருகே மணப்பாடு கரையில் அதே இனம் மறுபடி கூட்டமாக ஒதுங்கியபோது, இது முதல் முறையல்ல என்று உடனே சொல்ல முடிந்தது. செத்த உடலின் கணக்கும் வீண் போவதில்லை. ஆனால் அது மட்டும் போதாது.

உயிரோடு அடையாளம் காணுதல்

டால்பின் குட்டி ஈனும், பால் கொடுக்கும், நுரையீரலால் மூச்சு விடும் என்பதை இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். அவர் சொன்ன வேறொரு செய்தி இன்னும் சுவையானது. மீனவர்கள் பிடித்த டால்பினின் வாலில் ஒரு வெட்டு வைத்து மீண்டும் கடலில் விட்டுவிடுவார்கள். பிறகு அதே டால்பின் சிக்கும்போது அந்த வெட்டைப் பார்த்து, அது இருபத்தைந்து முப்பது ஆண்டு வாழ்வதைக் கண்டுகொண்டார்கள்.

ஓர் உயிரைத் தனியாக அடையாளம் கண்டு, அதே உயிரை மறுபடி பார்ப்பது என்ற அந்த எளிய வழிக்கு அறிவியல் 1970-களில்தான் திரும்பி வந்தது. கனடாவின் மேற்குக் கரையில் மைக்கேல் பிக் என்ற ஆய்வாளர், கொலைகாரத் திமிங்கிலங்களின் முதுகுத் துடுப்பைப் புகைப்படம் எடுத்தார். துடுப்பின் ஓரத்தில் உள்ள கிழிசல், வடு, முதுகின் நிறத்திட்டு ஆகியவை மனிதனின் கைரேகை போல ஆளுக்கு ஆள் மாறுகின்றன என்று காட்டினார். வெட்டு வைக்கத் தேவையில்லை, கேமரா போதும். அதே காலத்தில் ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971-இல் வெளியிட்ட கட்டுரை, கூன்முதுகுத் திமிங்கிலங்கள் ஒழுங்கான அமைப்புள்ள நீண்ட ஒலித்தொடரைத் திரும்பத் திரும்பப் பாடுகின்றன என்று நிறுவியது. கண்ணை மூடிய டால்பின்கூட ஒலியை எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி கண்டுபிடிக்கிறது என்பதை அதற்குப் பத்தாண்டு முன்பே கென்னத் நோரிஸ் சோதனையில் காட்டியிருந்தார்.

இந்த அறிவு மக்கள் மனத்தையும் மாற்றியது. வணிகத் திமிங்கில வேட்டையை நிறுத்துவதென 1982-இல் சர்வதேச ஆணையம் முடிவெடுத்தது. 1986-இல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே 1979-இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கொல்லாமல் ஆராய முடியுமா என்று காட்ட 'துலிப்' என்ற பாய்மரப் படகு இந்தக் கடலுக்கு வந்தது. திரிகோணமலைக்கு அருகே நீலத் திமிங்கிலங்களையும் எண்ணெய்த் திமிங்கிலங்களையும் அதிலிருந்தவர்கள் கவனித்தார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் இலங்கையில் அந்தப் பணியை முன்னெடுத்த ஆஷா டி வோஸ், அந்த நீலத் திமிங்கிலங்கள் மற்றவற்றைப் போலக் குளிர்கடலுக்குப் போகாமல் வெப்பக் கடலிலேயே உண்டு வாழ்வதை உலகுக்குச் சொன்னார். உயிரோடு பார்த்தவருக்கே அது தெரிந்தது. எலும்புக்கூட்டில் அது எழுதப்படவில்லை.

நீரிணையில் ஒரு தலைமுறை

மலேசியாவின் நிலை என்ன? திமிங்கிலங்களும் டால்பின்களும் 1999-இல் மீன்வளச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதோ கொல்வதோ குற்றம். ஆனால் சட்டம் வந்தபோது பினாங்குக் கடலில் எத்தனை டால்பின் இருந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கான்டரின் பட்டியலுக்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் கணக்குப் புத்தகத்தின் அந்தப் பக்கம் வெறுமையாகவே இருந்தது.

அதை நிரப்பத் தொடங்கியவர்களில் இரண்டு பெண்களின் பெயரைக் குறிப்பிட வேண்டும். ஒருவர் லீலா ராஜமணி. சபாவில் கடற்பசுக்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்ற அவர், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல், கரையோர ஆய்வு மையத்தில் பணியாற்றினார். பினாங்கு தேசியப் பூங்காவின் முக்கா ஹெட் பகுதியில் அந்த மையத்தின் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து 2010-களில் அவரும் உடன் ஆய்வாளர்களும் தீவைச் சுற்றிப் படகில் சென்று டால்பின்களைத் தேடினார்கள். தீவைச் சுற்றி வாழும் கூன்முதுகு டால்பின்களின் தொகையை மதிப்பிடும் கட்டுரை 2019-இல் வெளிவந்தது.

மற்றவர் லூயிசா பொன்னம்பலம். ஓமான் கடலின் டால்பின்களை ஆராய்ந்து பட்டம் பெற்று நாடு திரும்பியவர். 2010-இல் லங்காவியில் டால்பின் ஆய்வைத் தொடங்கினார். 2012-இல் கடல் பாலூட்டிகளுக்கென்றே மாரேசெட் என்ற அரசு சாரா ஆய்வு அமைப்பு உருவாவதில் முன்னின்றார். அந்த அமைப்பின் பணி பேராக்கின் மாத்தாங் சதுப்புநிலக் கடலுக்கும் விரிந்தது. அங்கே மூன்று இனங்களின் எண்ணிக்கையையும் மதிப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளிவந்தபோது, ஐராவதி டால்பின்கள் மட்டும் எழுநூறுக்கு மேல் இருப்பது தெரிய வந்தது. உலக அளவில் அழியும் ஆபத்தில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்ட இனம் அது. கரி எரிக்கும் சூளைகளுக்குப் பேர்போன மாத்தாங், இவ்வளவு டால்பின்களுக்கு வாழ்விடம் என்பது பலருக்கும் புதிய செய்தி.

கடலில் ஓடும் உயிரை எப்படி எண்ணுவது என்று நேயர்கள் கேட்கலாம். முறை எளிது, உழைப்புத்தான் கடினம். ஒரு நாள் படகில் போய் இருபது டால்பின்களின் துடுப்பைப் படம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். சில வாரம் கழித்து மறுபடி போகும்போது கிடைத்த இருபது படங்களில் பத்து ஏற்கெனவே தெரிந்த முகங்கள். அப்படியானால் அங்குள்ள மொத்தத்தில் பாதியை முதல் நாளே பார்த்தாகிவிட்டது. மொத்தம் ஏறக்குறைய நாற்பது என்று கணிக்கலாம். உண்மையான கணக்கில் பிறப்பு, இறப்பு, இடம்பெயர்தல் எல்லாம் சேரும். அடித்தளம் இதுதான். இதற்கு வெயிலிலும் அலையிலும் பல ஆண்டு, ஆயிரக்கணக்கான படங்கள் வேண்டும். ஒரு படம் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட முடியாது.

எண்ணும் வேகமும் நிரப்பும் வேகமும்

இவ்வளவு சிரமப்பட்டு எண்ணுவதால் என்ன பயன்? பினாங்கின் கரையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 1985-இல் முதல் பாலம், 2014-இல் இரண்டாவது பாலம். வடகிழக்கில் கடலை நிரப்பி வீடும் பூங்காவும் எழுந்தன. தீவின் தெற்கே 4,500 ஏக்கரில் மூன்று செயற்கைத் தீவுகள் உருவாக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. மீனவர்கள் மேல்முறையீடு செய்ததன்பேரில் 2021-இல் அதன் சுற்றுச்சூழல் அனுமதி ரத்தானது. 2023-இல் புதிய அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் திட்டம் ஒரே தீவாகச் சுருக்கப்பட்டு, மண் கொட்டும் பணியும் தொடங்கியது.

நிலம் குறைந்த தீவுக்கு வேலைவாய்ப்பும் தொழிற்சாலையும் போக்குவரத்தும் வேண்டும் என்று அரசு சொல்வதில் நியாயம் இருக்கிறது. மீன்பிடித் தளம் போனால் பிழைப்பு போகும் என்று மீனவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இந்த வழக்கில் வாய் திறக்க முடியாத மூன்றாம் தரப்பு, டால்பின். அதன் சார்பில் பேசக்கூடியது எண் ஒன்றுதான்.

கூன்முதுகு டால்பின் ஏறக்குறைய ஓராண்டு கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டி ஈனுகிறது. அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். இப்படிப்பட்ட உயிர்க்கூட்டத்தில் ஆண்டுக்குச் சில தாய்கள் வலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தாலே போதும், தொகை இறங்கத் தொடங்கிவிடும். மணல் அள்ளும் கப்பலின் இரைச்சல், ஒலியைக் கொண்டே இரை தேடும் விலங்குக்குப் பெரும் இடையூறு. சதுப்புநிலமும் கழிமுகமும் சுருங்கினால் அது தின்னும் மீனும் குறையும். ஆனால் இவை நடந்தனவா, எவ்வளவு நடந்தன என்று நிரூபிக்க வேண்டுமானால், முன்பு எத்தனை இருந்தன என்பது தெரிந்திருக்க வேண்டும். முன்கணக்கு இல்லாத கடலில் எதுவும் குறைந்ததாகக் காட்ட முடியாது. யாங்சி ஆற்றின் பைஜி டால்பினுக்கு நேர்ந்தது அதைவிடக் கொடியது. 2006-இல் சீனாவில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி அந்த ஆற்றில் தேடியபோது அவர்களால் ஒன்றைக்கூடக் காண முடியவில்லை.

பினாங்கு அந்த நிலையில் இல்லை. இங்கே டால்பின்கள் இருக்கின்றன. அவற்றை அறிந்த ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். பல்கலைக்கழகம் கரையிலேயே இருக்கிறது. தேவைப்படுவது தொடர்ச்சி. ஓர் ஆண்டு எண்ணினால் கிடைப்பது ஓர் எண். பத்து ஆண்டு விடாமல் எண்ணினால்தான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். இரண்டு மூன்று ஆண்டு மானியம் முடிந்ததும் படகைக் கரையேற்றிவிட்டால் அந்தக் கோடு பாதியில் அறுந்துவிடும்.

பொதுமக்கள் செய்யக்கூடியதும் உண்டு. டால்பினோ திமிங்கிலமோ கரை ஒதுங்கினால், கூட்டம் கூடிப் படம் எடுப்பதோடு நின்றுவிடாமல், மீன்வளத் துறைக்கு உடனே தெரிவிக்கலாம். அது உயிரோடு இருந்தால், ஆட்கள் வரும்வரை மூச்சுத்துளையில் நீர் புகாமல் உடலை ஈரமாக வைக்கலாம். கடலுக்குப் போகும் மீனவர்கள் எங்கே, எத்தனை பார்த்தோம் என்று ஆய்வாளர்களிடம் சொல்லலாம். கான்டருக்குக் 'கடல் பெண்' என்ற பெயரைச் சொல்லிக் கொடுத்தவர்கள் இந்தக் கரையின் மக்கள்தான். இன்றைய மீனவர்களிடமும் அப்படிப்பட்ட அறிவு இருக்கிறது. அதைக் கேட்டு எழுதி வைக்க இன்னொரு நூற்றெண்பது ஆண்டு காத்திருக்க இந்தக் கடலுக்கு அவகாசம் இல்லை.